வழியில் ஒரு தீவு

கொல்கத்தாவிலிருந்து ஊருக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக ரெண்டே வழிதான். ஒன்று கோரமண்டல் எக்ஸ்பிரஸ். ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து, படுத்து, மறுபடி உட்கார்ந்து, விஜயவாடா தாண்டியதுமே ஊர் வாசனை வந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு சென்னையில் இறங்குவது. இன்னொன்று விமானம். ரெண்டேகால் மணி நேரத்தில் சென்னை. பாக்கெட் காலி.

இந்தப் பொங்கலுக்கு மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. (நல்ல யோசனை எல்லாம் எனக்கு ஆபீஸ் மீட்டிங்கில்தான் வரும்.) மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா வங்காள விரிகுடா மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கொல்கத்தா, இடது பக்கம் சென்னை, வலது பக்கம் கீழே அந்தமான். மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம்! கொல்கத்தாவிலிருந்து அந்தமான் சுமார் 1,300 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை சுமார் 1,370. கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு நேராகப் போனாலும் ஏறக்குறைய அதே 1,380தான். கொல்கத்தாவிலிருந்தும் அந்தமானுக்கு விமானம் இருக்கிறது, சென்னைக்கும் அங்கிருந்து விமானம் இருக்கிறது. அப்புறம் என்ன? நடுவில் இறங்கி மூணு ராத்திரி தங்கிவிட்டு, நாலாம் நாள் சென்னைக்கு ஏறிவிட வேண்டியதுதான்.

தங்கமணியிடம் சொன்னேன். சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்களா பேசியது?" என்பது மாதிரி ஒரு பார்வை. பதினாறு வருஷமாகக் கொல்கத்தாவில் இருக்கிறோம், அவளை நான் கூட்டிப்போன கடற்கரை திகா ஒன்றுதான். அதுவும் ஆபீஸ் செலவில். பெண்ணுக்குப் பதிமூன்று வயசு. விஷயத்தைக் கேட்டதும் ஸ்கூபா, ஸ்கூபா என்று குதிக்க ஆரம்பித்துவிட்டாள். செப்டம்பரிலிருந்து அம்மாவும் எங்களோடுதான். ரெண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் முடிந்து, பொங்கலுக்கு ஊர் போயே தீருவேன் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அதனால் நாலு பேருக்கும் டிக்கெட்.

நமக்கு எக்செல் இல்லாமல் எதுவும் ஓடாது. உட்கார்ந்து தாள் போட்டேன். முதல் நாள் காலையில் இறங்குவது, மாலை செல்லுலார் சிறை. ரெண்டாம் நாள் காலை கப்பலில் ஹேவ்லாக், மாலை ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். மூன்றாம் நாள் காலை மகளுக்கு ஸ்கூபா, மதியக் கப்பலில் திரும்பி வருவது. நாலாம் நாள் காலை சென்னை விமானம். நாலு வரிசை, நாலு நிறம். பார்க்க அழகாக இருந்தது.

தாள் போடப் போட சில விஷயங்கள் தெரிய வந்தன. போகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சூரியன். அங்கேயும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் வேற கட்சி. அந்தமான் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. ஜனவரியில் மாலை ஐந்தேகால், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். "சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரை" என்று நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தால் சிரிப்பீர்கள். அங்கே எல்லாத் திட்டத்தையும் ரெண்டு மணி நேரம் முன்னால் தள்ளிப் போட வேண்டும்.

ரெண்டாவது, கப்பல். தீவு விட்டுத் தீவு போக அரசுக் கப்பலும் உண்டு, தனியார் அதிவேகக் கப்பலும் உண்டு. அரசுக் கப்பல் மலிவு, ஆனால் அது முதலில் தீவு மக்களுக்கு. அவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் காய்கறி மூட்டைக்காரர்களும் அதில்தான் போக வேண்டும். மூன்று நாளுக்கு வருகிற நாம் தனியாரில் முன்கூட்டியே சீட்டுப் போட்டுக்கொள்வதுதான் நியாயம். கடல் கொந்தளித்தால் ரெண்டுமே ஓடாது. அதனால் தீவிலிருந்து திரும்பும் கப்பலையும் ஊருக்குத் திரும்பும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்கவே கூடாது. முந்தின நாளே வந்து படுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, பெயர். இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தாளைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். புதுக் கண் அல்லவா, எதைக் கொடுத்தாலும் ஆசையாக வாசிப்பார். பால் பாக்கெட் உட்பட. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தவர், "ஏப்பா, ஸ்ரீ விஜயபுரம்னு போட்டிருக்கே, அது எங்கிட்டு இருக்கு?" என்றார்.

"அதாம்மா போர்ட் பிளேர். 2024 செப்டம்பர்ல பேரை மாத்திட்டாங்க. ஹேவ்லாக் இப்ப ஸ்வராஜ் தீவு, நீல் இப்ப ஷஹீத் தீவு. அது 2018-லயே."

அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அண்ணன் இருந்த ஊரு பேரே இப்ப இல்லியா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நாலு வரிசை போடும்போது ஒரு வரிசையில்கூட மாமா எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்தும் தள்ளிவிட்டேனோ என்னவோ.

"டிக்கெட் போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சும்மா."

"அப்பச் சரி. மதினிக்கிட்ட துட்டி கேட்டுட்டு வந்துருவோம். எனக்கு வேற எதுவும் பார்க்க வேணாம்."

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். அம்மாவுக்கு ஒரே அண்ணன். 1966-ல், இருபத்திரண்டு வயசில், பஞ்சம் பிழைக்கச் சென்னைக்குப் போய் அங்கிருந்து அந்தமானுக்குக் கப்பலேறிவிட்டார். மூன்று நாளைக்கு மேல் பயணம். எங்கள் பக்கமிருந்து அப்படிப் போனவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். துறைமுகத்தில் கூலி, பிறகு அங்கேயே நிரந்தர வேலை. அத்தையை அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார். அத்தை வங்காளி. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தீவுகளில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. 1949-ல் தொடங்கிய அந்தக் குடியேற்றத்தில் 1960-களில் நீல் தீவுக்கு வந்த குடும்பம் அத்தையுடையது.

1988-ல் தாத்தா இறந்தார். தந்தி கிடைத்து, கப்பல் கிடைத்து மாமா வந்து சேரும்போது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அத்தையோடும் என் வயசுப் பெண் ஒன்றோடும் வந்தார். எனக்கு அப்போது பதிமூன்று. வந்த அன்றைக்கு மதியம் பந்தி. தாத்தாவின் பங்காளிகள் கூடிப் பேசினார்கள். அத்தைக்கும் அந்தப் பெண்ணுக்கும் மாட்டுக் கொட்டத்தை ஒட்டின தாழ்வாரத்தில் தனியாக இலை போட்டார்கள். "அவுக என்ன ஆளுகன்னு தெரியாதுல்ல" என்று ஒருத்தர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அடுப்படி நிலையோரம் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண் கொடுத்த சங்கை உருட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பார்த்தால் அவர்கள் இல்லை. கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். யாரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இப்போது இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். 1993-ல் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அப்பா இல்லை. கையில் காசும் இல்லை. அம்மா வேறு வழியில்லாமல் மாமாவுக்கு ஒரு கடிதம் போட்டார். பணம் கேட்கவில்லை, சீட் கிடைத்த விஷயத்தை மட்டும் எழுதினார். ஒன்றரை மாசம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. மாமா தன் பங்குக் காட்டை விற்க அம்மாவுக்குப் பவர் எழுதிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். கூடவே நாலு வரி: 'பாப்பாவுக்கு, எனக்கு இங்கே சுத்திலும் கடல் இருக்கு. அங்கே காட்டை வச்சு நான் என்ன செய்ய. வித்துப் பையனைப் படிக்க வை.' ரெண்டு ஏக்கர், 28,000 ரூபாய்க்குப் போனது. நாலு வருஷப் படிப்பு, ஹாஸ்டல், நான் முதல் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன பேண்ட் சட்டை வரைக்கும் அதில்தான்.

அதற்கு அப்புறமும் ஊரில் யாரும் மாமாவை வாங்க என்று கூப்பிடவில்லை. பொங்கலுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26. நான் அப்போது புனேயில். ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா மணிக்கொரு தரம் கூப்பிடுகிறார். "அந்தமான்னு சொல்றாக, அந்தமான்னு சொல்றாக." அங்கே லைனே கிடைக்கவில்லை. நிக்கோபார் பக்கத்துச் செய்திகள் வர வர, அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் மாமாவே பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்தார். "பாப்பா, தண்ணி வந்துச்சு, போயிருச்சு. நாங்க இருக்கோம்" என்றாராம். பேசி முடித்து அம்மா ஒரு மணி நேரம் அழுதாராம்.

2016 நவம்பரில் மாமா இறந்தார். எல்லாரும் நோட்டு மாற்ற வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். நான் கொல்கத்தாவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. இங்கிருந்து அங்கே ரெண்டேகால் மணி நேரம். லீவு கிடைக்காது, டிக்கெட் விலை அதிகம், கையில் பணமில்லை என்று மூன்று காரணம் சொன்னேன். லீவு நான் கேட்கவேயில்லை என்பதுதான் உண்மை. அம்மாவால் தனியாக வர முடியாது, நான்தான் கூட்டிப்போயிருக்க வேண்டும். அந்தச் சங்கு கொடுத்த பெண் (எனக்கு முறைப்படி மதினி, இப்போது நீல் தீவில் பள்ளி ஆசிரியை) எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்து 2017-லிருந்து வருஷம் தவறாமல் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறாள். நான் ஒரு கும்பிடு படம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

கொசுவத்தி அணைந்தது. தாளுக்கு வருவோம்.

துட்டி என்று அம்மா சொன்னதும் தாள் மொத்தமும் ஆட்டம் கண்டுவிட்டது. தெரியாதவர்களுக்கு: துட்டி என்றால் எங்கள் தென்மாவட்டத்தில் சாவு விசாரிக்கப் போவது. அதற்கென்று சட்டதிட்டங்கள் இருக்கின்றன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். தை பிறப்பதற்கு முன்னால், மார்கழியிலேயே போய்விட வேண்டும். (நல்லவேளை, டிக்கெட் ஜனவரி முதல் வாரம்.) துட்டி வீட்டுக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்கக் கூடாது. கேட்டுவிட்டு வந்து தலை முழுகணும். வேறு நல்லது பொல்லாதுக்கு நேராகப் போகக் கூடாது. கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

இப்போது ராதாநகர் கடற்கரையை எங்கே வைப்பது? துட்டிக்கு முன்னால் வைத்தால் வழியில் வேடிக்கை. பின்னால் வைத்தால் துட்டி கேட்ட கையோடு கடலில் ஆட்டம். தங்கமணி பாவம், ரெண்டு நாள் எதுவும் பேசாமல் இருந்தாள். மகள்தான் நேராகக் கேட்டாள். "அப்பத்தா, தலை முழுகணும்னு சொல்றீங்கல்ல? ஸ்கூபாவுல தலையோட மொத்தமும் முழுகலாம்." அம்மாவே சிரித்துவிட்டார். :-)

சிரித்தாலும் சிக்கல் தீரவில்லை. மாமா வீட்டை விட்டுவிட்டு அத்தை மகளோடு நீல் தீவுக்கே போய்விட்டார். நான் போட்டிருந்ததோ ஹேவ்லாக். சரி, நீல் தீவைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஆச்சரியம். கடற்கரைகளுக்குப் பெயர் பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர். ராமாயணமே அங்கே இருக்கிறது. பரத்பூரில் ஸ்கூபாவும் உண்டு. (மகள் முகம் மலர்ந்தது.) ஊரெல்லாம் காய்கறித் தோட்டம், தலைநகருக்குப் போகிற காய்கறியில் நிறைய அங்கே விளைவதுதான். கடலோரத்தில் இயற்கையாகவே வளைவாக நிற்கிற பாறை ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறிய வங்காளிகள் அதற்கு வைத்த பெயர் ஹௌரா பிரிட்ஜ்! அதைப் படித்தபோதுதான் எனக்கு ஏதோ செய்தது. ஊரை விட்டு வந்த சனம், கடலோரம் ஒரு பாறையைப் பார்த்ததும் ஹௌரா பாலத்தை நினைத்திருக்கிறது. அந்தப் பாலத்தை நான் தினமும் ஆபீஸ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிறேன்.

எல்லாம் சரி, அத்தையிடம் யார் பேசுவது? வருகிறோம் என்று சொல்லாமல் போய் நிற்க முடியுமா? "மதினிக்கு நம்ம பேச்சுத் தெரியாதேப்பா, 88-ல வந்தப்ப வாயே தொறக்கலயே" என்றார் அம்மா. என் பெங்காலி கைவசம் இருக்கிறது, நான் பேசுகிறேன் என்றேன். போனை எடுத்து அந்த மதினியின் நம்பரைத் தட்டுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. ஒன்பது வருஷமாகக் கும்பிடு படம் போட்டவன் திடீரென்று என்ன சொல்லிப் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டேன். அவள்தான் எடுத்தாள். பெயரைச் சொன்னதும் ஒரு விநாடி சத்தமில்லை. அப்புறம் "மா!" என்று கத்தியபடி ஓடுவது கேட்டது. போன் கைமாறியது. நான் தயார் செய்து வைத்திருந்த பெங்காலியை எடுத்துவிட்டேன். "மாமிமா, நமஸ்கார். ஆமி கொல்கத்தா தேகே போல்ச்சி..."

"யாரு, பாப்பா மகனா?" என்றது அந்தப் பக்கம். "நல்லாருக்கியாய்யா? அம்மா நல்லாருக்காகளா? கண்ணு ஆபரேசன் பண்ணிருக்காமே, நல்லாத் தெரியுதாமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அசல் முதுகுளத்தூர்ப் பேச்சு. ஒலி மட்டும் கொஞ்சம் வங்காளமாக உருண்டது, அகரமெல்லாம் ஒகரமாக. ஆனால் வார்த்தை அத்தனையும் எங்கள் ஊர். எங்கிட்டு, அங்கிட்டு, வெரசா, வெஞ்சனம், வாரவக போறவக. இப்போது எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் டிவி தமிழ்தான் பேசுகிறார்கள். அத்தை பேசியது 1966-ல் மாமா கப்பலேறும்போது கூடவே கொண்டுபோன தமிழ். "உங்க மாமாகிட்டதான்யா கத்துக்கிட்டேன். அவுகளுக்குப் பேச ஆள் வேணும்ல" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா "மதினி" என்றார். அதற்கு மேல் அழுகை. அந்தப் பக்கமும் அழுகை. நானும் தங்கமணியும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டோம். மகள் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மீதியை அவள்தான் சொன்னாள்.

அம்மா கேட்டிருக்கிறார்: "மதினி, அன்னைக்கி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சோத்துச் சட்டியோட நின்னுட்டேன். துட்டி கேக்கவும் வரல. இப்ப ஒன்பது வருசம் கழிச்சு வந்தா வீட்டுக்குள்ள விடுவியளா?"

அத்தை சொல்லியிருக்கிறார்: "அவுக சாகுற வரைக்கும் பாப்பா, பாப்பான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக. எனக்கு அன்னைக்கிக் கோவம்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாளு இருந்துச்சு. இப்ப வயசாகிப் போச்சு, வச்சுக்கிட்டு என்ன செய்ய? வா. ஓட்டல்ல கீட்டல்ல தங்கினா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

கடற்கரை விவகாரத்தையும் அம்மா விடவில்லை. பேத்தி கடலில் குளிக்க ஆசைப்படுகிறாள், துட்டி கேட்டுட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "ஒன்பது வருசத்துக்கு என்ன துட்டி? கடலோரத்துலதான் இருக்கோம், கடலைப் பாக்காம எப்பிடிப் போவா? நான் கூட்டிட்டுப் போறேன். உங்க அண்ணன் சாம்பலும் அந்தக் கடல்லதான் இருக்கு."

தாளைப் புதுசாகப் போட்டேன். மூணு ராத்திரி நாலாகிவிட்டது. முதல் நாள் காலை இறங்குவது. மதியம் ஓய்வு, அம்மாவுக்கு முடிந்தால் செல்லுலார் சிறை. (1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை. நடுவில் கோபுரம், அதைச் சுற்றிச் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஏழு கட்டடம். இப்போது மூன்றுதான் மிச்சம். 1979-லிருந்து தேசிய நினைவிடம்.) ரெண்டாம் நாள் காலைக் கப்பலில் நீல். ஹேவ்லாக் கிடையாது, ராதாநகர் கிடையாது. தங்கமணியே அந்த வரிசையை அழித்தாள். "அடுத்த தடவை நாம ரெண்டு பேர் மட்டும் போகலாம், ஆபீஸ் செலவில் இல்லாமல்" என்று ஒரு நிபந்தனையோடு. அத்தை வீட்டில் ரெண்டு ராத்திரி. நாலாம் நாள் மதியக் கப்பலில் திரும்பி, ஐந்தாம் நாள் காலை சென்னை விமானம். தேதி மாற்றிய கட்டணத்தை இங்கே எழுதினால் வயிறு எரியும், விடுங்கள்.

ஒரு நாள் லீவு கூட வேண்டும். ஆபீஸ் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எப்போதும் 'சொந்த வேலை' என்று போடுவேன். இந்தத் தடவை 'மாமா மறைவு, துக்கம் விசாரிக்க' என்று போட்டேன். மேனேஜர் உடனே போன் செய்துவிட்டார். நல்ல மனிதர், பதறிப்போய், "ஐயோ, எப்போ?" என்றார். 2016 என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. "சரி, போயிட்டு வா" என்றார். அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பெட்டி கட்ட ஆரம்பித்தாயிற்று. அத்தைக்கு ஒரு சேலை, அம்மாவே கடைக்கு வந்து எடுத்தார். வெள்ளையா, கலரா என்று கடையில் அரை மணி நேரம் யோசித்துக் கடைசியில் பச்சையில் எடுத்தார். ஊரிலிருந்து அம்மா கொண்டு வந்த முண்டு மிளகாய் வத்தலில் மிச்சம் ஒரு கிலோ. மதினிக்கு ஒரு சங்கு. என்னிடம் இன்னும் இருக்கிறது, இத்தனை வீடு மாறியும் தொலையவில்லை. திருப்பிக் கொடுக்க அல்ல, காட்டத்தான். அம்மாவின் மஞ்சப்பையில் அந்த நாலு வரிக் கடிதம். அந்த ரெண்டு ஏக்கரின் இன்றைய விலையை விசாரித்து ஒரு தொகை கொண்டுபோவோமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்து, "முதப் போக்குலயே காசை நீட்டாத. மொதல்ல அவுக வீட்டுல ஒக்காந்து ஒரு வாய் சாப்பிடு. அப்பறம் அவ மகக்கிட்டத் தனியாப் பேசு" என்றார். அப்படியே செய்வதாக இருக்கிறேன்.

நேற்று அத்தை மறுபடி கூப்பிட்டார். என்ன வெஞ்சனம் வைக்க, மீன் சாப்பிடுவீர்களா, சின்னப்புள்ளைக்குக் காரம் ஆகுமா என்று ஆயிரம் கேள்வி. அம்மா கடைசியாகத் தன் சந்தேகத்தைக் கேட்டார். துட்டி வீட்டில் சொல்லிக்காமல்தான் கிளம்பணும், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று.

"அதெல்லாம் வேணாம்" என்றார் அத்தை. "ஒரு தடவை சொல்லிக்காமப் போனது போதும். போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போகணும்."

அம்மா சரி என்று சொல்லிவிட்டார். தாளில் நாலாம் நாள் கட்டத்தில் கப்பல் நேரத்துக்குக் கீழே அதையும் எழுதி வைத்திருக்கிறேன். மறந்துவிடக் கூடாது.